அடக்கத்துக்கு வந்திருந்தோர்

மாலக்கி டூஹி ரகசியம் காப்பதில் கெட்டிக்காரர் என்பது கில்டோரன் முழுக்கத் தெரிந்த விஷயம். இங்கிலாந்தை எதிர்த்துப் போராடும் அயர்லாந்து விடுதலைப் படையான ஐ.ஆர்.ஏ.வின் அந்தப் பகுதிப் பட்டாலியனுக்கு அவர்தான் உளவுத் தலைவர் என்பதும் ஊருக்குத் தெரியும். தெரியாதது போல் நடந்துகொள்ள எல்லோரும் படாத பாடு பட்டார்கள், பாவம். பிரசங்கத்தில் 'ஒற்றர்கள்' என்ற சொல் வந்துவிட்டால் பங்குச் சாமியார்கூட மாலக்கி உட்கார்ந்திருக்கும் பெஞ்சைப் பார்த்துவிடக் கூடாதே என்று கூரையைப் பார்த்துப் பேசுவார்.

ஊர் அறிய அவர் பால் சொசைட்டி மேனேஜர். உளவு வேலைக்கு டிப்பரரி மாவட்டத்தில் இதைவிடத் தோதான நாற்காலி கிடையாது. காலை எட்டு மணிக்கு அறுபது கழுதை வண்டிகள் பால் கேன்களோடு வரிசையில் நிற்கும். நிற்கிறவர்களுக்கு வேறு வேலை இல்லை, பேசுவார்கள். எந்தச் சாலையில் இங்கிலாந்து ராணுவ லாரி போனது, எந்த சார்ஜென்ட்டுக்குப் பல்வலி, எந்தப் போலீஸ்காரன் யார் வீட்டுப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான் என்பதெல்லாம் பாலை அளந்து முடிப்பதற்குள் மாலக்கியின் காதில் விழுந்துவிடும். அவர் வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு வேலையும் பார்த்தார். வட்டார வாரப் பத்திரிகைக்குக் கில்டோரன் செய்திகளைப் பதினோரு வருஷமாக எழுதி அனுப்புகிறவர் அவர்தான். மாட்டுச் சந்தை, ஹர்லிங் மட்டைப் பந்தயம், கோயில் திருவிழா, சாவு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஊரில் அவருக்கு ஆகாத ஆள் ஒருவன்தான், ஜெர் குவர்க். பெரிய யுத்தத்தில் இங்கிலாந்துப் பட்டாளத்தில் சேர்ந்து, இடது காலில் பாதியை கலிப்போலிப் போர்முனையில் விட்டுவிட்டு வந்தவன். ஆறு மாடு வைத்திருந்தான். மாலக்கி கண்ணாடிக் குழாயில் ஊற்றிச் சோதித்தால் அவன் பாலில் கொழுப்புச் சத்து ஒருநாளும் தேறாது. தேறாததற்குக் காரணம் மாடு இல்லை, மாலக்கிதான் என்பது அவன் கட்சி.

"மாலக்கி, உன் கண்ணாடிக் குழாய் பொய் சொல்லுது."

"குழாய்க்குப் பொய் சொல்லத் தெரியாது ஜெர். உன் மாட்டைக் கேட்டுப் பாரு."

"கேட்டேன். மேனேஜரைக் கேளுன்னு சொல்லுது."

அறுபது வண்டிக்காரர்களும் சிரிப்பார்கள். மாலக்கியும் சிரிப்பார். ஆனால் அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படி இருக்கையில், 1921 மார்ச்சில், ஜொஹான்னா ஷானஹன் இறந்துபோனாள். பட்டாலியன் தளபதி லார் ஷானஹனின் தாய். லார் ஒரு வருஷமாகத் தலைமறைவு. அவனும் அவனோடு இருந்தவர்களும் வீட்டுப் பக்கமே வருவதில்லை. ஆனால் சாவு என்று வந்த பிறகு எப்படி வராமல் இருப்பது? துப்பாக்கிக்குப் பயந்து அடக்கத்துக்குப் போகவில்லை என்று ஒருவன் சொன்னால் அவன் பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

ஆகவே பாதுகாப்பை மாலக்கி ஏற்றுக்கொண்டார். அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக ஒரு காரியம் செய்ததில்லை. இரண்டு சாலையிலும் ஆள், மேட்டில் ஆள், மணிக்கூண்டில் ஆள். ராணுவ லாரி தலைகாட்டினால் வேலியில் வெள்ளைத் துணி காயப்போட ஏழு வீட்டில் பெண்கள் தயாராக நின்றார்கள். லாரி வரவில்லை. தலைமறைவாக இருந்தவர்கள் அத்தனை பேரும் பட்டப்பகலில் வந்து, முழங்காலிட்டு, ஜெபமாலை சொல்லி, குழிக்கு ஆளுக்கொரு கை மண் போட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். மாலக்கி கல்லறைத் தோட்டத்து வாசலில் நோட்டுப் புத்தகத்தோடு நின்று எல்லோருக்கும் தலையசைத்து வழியனுப்பினார். இங்கிலீஷ்காரன் மோப்பம் பிடிக்க ஒரு நூல் நுனிகூட மிஞ்சவில்லை என்று அன்று மாலை அவர் தன்னைத்தானே மெச்சிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் சோதனைகள் ஆரம்பமாயின. ராணுவம் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை, வீடு பார்த்து வந்தது. ஆறு நாளில் பதினான்கு வீடு. ஒன்றைத் தவிர எல்லாம் சரியான வீடு. இரண்டு பேர் பிடிபட்டுச் சிறைக்குப் போனார்கள்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டீலியா ஃபென்னஸி பூசை முடிந்ததும் மாலக்கியின் அருகில் வந்து மண்டியிட்டாள். டவுன் ராணுவ முகாமில் டைப் அடிக்கிற பெண் அவள். மாலக்கிக்குச் சித்தி மகள். ஜெபப் புத்தகத்தின் நடுவிலிருந்து கறுப்புக் கார்பன் தாள் ஒன்றை எடுத்து அவர் தொப்பிக்குள் போட்டாள்.

"புதுக் கார்பன். ஒரே ஒரு தடவைதான் அடிச்சேன். வெளிச்சத்துல பிடிச்சா எல்லாம் படிக்கலாம்."

"யார் கொடுத்த லிஸ்ட்?"

"கேப்டன் கையால எழுதிக் கொடுத்தான். அவனுக்கு யார் கொடுத்தான்னு கண்டுபிடிக்கிறது உன் வேலை. எல்லாத்தையும் நானே செய்யணும்னா உனக்கு எதுக்குப் பட்டம்?"

மறுநாளே மாலக்கிக்கு மேலதிகாரியான பிரிகேட் உளவுத் தலைவர் ஸ்டீபன் காண்ட்வெல் பால் சொசைட்டிக்கு வந்துவிட்டார். அவர் மாட்டு டாக்டர். எந்த ராணுவக் காவலும் அவரை மறிக்காது, ஏனென்றால் அவர் கை எப்போதும் பார்க்கச் சகிக்காத நிலையில் இருக்கும். வெந்நீர்த் தொட்டியில் கையைக் கழுவிக்கொண்டே ஜன்னலில் ஒட்டியிருந்த கார்பனைப் படித்தார்.

"முப்பத்தொரு பேரு. எல்லாரும் ஷானஹன் அம்மா அடக்கத்துக்கு வந்தவங்களா?"

"ஆமா டாக்டர். ஒரு ஆளைத் தவிர."

"அதை அப்புறம் பார்ப்போம். அப்ப காட்டிக்கொடுத்தவன் அங்க நின்னு கண்ணால பார்த்தவன். தன் பேரைத் தானே எவனும் எழுதிக் கொடுக்க மாட்டான். வந்த ஆம்பளைங்கள்ல, கிழவங்களை விட்டுட்டு, இதுல இல்லாதவன் யாரு?"

மாலக்கி மனதுக்குள் கல்லறைத் தோட்டத்து வாசலில் மறுபடி போய் நின்றார். பதில் கிடைத்ததும் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. அந்தத் துள்ளலுக்காக அவர் பிற்பாடு நிறைய வெட்கப்பட்டார்.

"ஜெர் குவர்க்."

"வேற?"

"வேற யாருமில்ல. நான் இல்ல, சாமியார் இல்ல."

"சாமியார் கணக்குல வரமாட்டார். நீ ஏன் இல்ல?"

"நான் உளவுத் தலைவன் டாக்டர். என் பேரு வெளில தெரியாம இருக்கறதுதானே என் வேலை."

"அதுவும் சரிதான்," என்றார் காண்ட்வெல். மாலக்கிக்கு அது பாராட்டாகவே பட்டது.

ஜெருக்கு எதிராக இன்னொன்றும் கிடைத்தது. அடக்கம் முடிந்து இரண்டு வாரம் கழித்து, உள்ளூர்த் தபாலாபீசை விட்டுவிட்டு, நொண்டிக் காலோடு ஏழு மைல் டவுனுக்கு நடந்துபோய் ஒரு கடிதத்தை நேரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். கடிதத்தோடு போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள், எங்கே கொடுத்தான் என்பதைப் பார்த்தவர் இல்லை. செவ்வாய்க்கிழமை அவனை ஒரு பண்ணையின் வைக்கோல் பரணில் கொண்டுபோய் வைத்தார்கள். கடிதம் யாருக்கு என்று கேட்டால் வாயைத் திறக்கவில்லை. பழைய பட்டாளத்துக்காரன், அடக்கத்துக்கு வந்தவன், லிஸ்டில் இல்லாதவன், கள்ளத்தனமாகக் கடிதம் கொடுத்தவன். காண்ட்வெல் வெள்ளி மதியம் வருவதாகச் சொல்லியனுப்பினார். அதற்குள் மாலக்கி அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை ஜெருக்கு எதிராக இருந்தால் வெள்ளி மாலை ஜெர் இருக்க மாட்டான்.

மாலக்கி எழுத உட்கார்ந்தார். முத்து முத்தாக இரண்டு பக்கம் வந்தது. மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றது.

அடக்கத்துக்கு வராத அந்த ஒரு ஆள்தான் காரணம். லிஸ்டில் பதினெட்டாவது பெயர் மார்ட்டின் லூபி. மார்ட்டின் லூபி நான்கு வருஷமாக பாஸ்டனில் டிராம் ஓட்டிக்கொண்டிருக்கிறான். அவனை ரயிலேற்றத் தன் கழுதை வண்டியில் கூட்டிப் போனவனே ஜெர்தான். காட்டிக்கொடுக்கிறவன் இருக்கிறவனைக் காட்டிக்கொடுப்பான், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனை எதற்கு? ஜெர் பாலில் தண்ணீர் கலப்பவனாக இருக்கலாம். முட்டாள் இல்லை. மாலக்கி ஒரு மணி நேரம் பேனாவைக் கடித்தார். ஜெரை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது, ஆனால் அரைகுறை வேலையும் பிடிக்காது.

வெள்ளி காலை வண்டிகளை அனுப்பிவிட்டு மார்ட்டினின் தாய் லூபியம்மா வீட்டுக்கு சைக்கிளை மிதித்தார். கிழவி மெத்தையைத் தைத்துக்கொண்டிருந்தாள். போன சனிக்கிழமை ராணுவம் வந்து துப்பாக்கிக் கத்தியால் அதைக் குத்திப் பார்த்திருந்தது. வீடெல்லாம் வாத்து இறகு. அவள் முகத்தில் துக்கம் மருந்துக்கும் இல்லை.

"பன்னெண்டு பேரு வந்தாங்க மாலக்கி. என் மார்ட்டினைத் தேடி. லார் ஷானஹன் வீட்டுக்கே எட்டுப் பேர்தான் போனாங்களாம்."

"ரொம்ப சந்தோஷம்மா. மார்ட்டின் ஊருக்கு வந்திருக்கான்னு அவங்களுக்கு யார் சொன்னது? அதைத்தான் கேட்க வந்தேன்."

கிழவி ஊசியை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரா? நீதான்ப்பா சொன்னே."

"நானா?"

"கல்லறைத் தோட்டத்து வாசல்ல வச்சுக் கேட்டேனே. எல்லா வீட்டு ஆம்பளைப் பேரும் பேப்பர்ல வரும், என் வீட்டுப் பேரு மட்டும் வரலைன்னா மார்ட்டின் செத்துட்டானா, இல்ல எங்களுக்கும் ஷானஹன் வீட்டுக்கும் சண்டையான்னு ஊர் கேட்காதா, அவன் இங்க இருந்தா வந்திருப்பான், போட்டுரு தம்பின்னு. நீயும் சரிம்மான்னு எழுதிக்கிட்டே. நல்ல மனசு உனக்கு."

இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்தாள். பாஸ்டனுக்கு அனுப்ப வைத்திருந்தாளாம். மாலக்கி வாங்கிப் பார்த்தார். அனுப்பியதோடு மறந்துபோயிருந்த செய்தி, சொந்தப் பிள்ளையைப் பார்ப்பது போல அடையாளம் தெரிந்தது. 'அடக்கத்துக்குப் பெருந்திரளானோர் வந்திருந்தனர். அவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள்...' முதலில் மகன்கள். பிறகு மருமகன்கள், ஒன்றுவிட்ட சகோதரர்கள், அதன் பின் அண்டை அயலார், தெருவாரியாக, ஊர் பெயரோடு. பதினோரு வருஷமாக அவர் கடைப்பிடித்துவந்த வரிசை. சட்டைப்பையிலிருந்து கார்பன் தாளை எடுத்து ஜன்னலில் பிடித்தார். பெண்கள் பெயரையும் கிழவர்கள் பெயரையும் கழித்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். அவருடைய வரிசையைக்கூட அந்தக் கேப்டன் மாற்றவில்லை.

இரண்டு சாலையிலும் மேட்டிலும் மணிக்கூண்டிலும் ஆளை நிறுத்திவிட்டு, அத்தனை பெயரையும் விலாசத்தோடு அச்சடித்து இங்கிலீஷ்காரன் காலை டீயோடு படிக்க அனுப்பியிருக்கிறார். சிறையில் இருக்கும் இரண்டு பேரும் அவர் கையெழுத்தில்தான் உள்ளே போயிருந்தார்கள்.

"ஏன் தம்பி, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? மோர் தரட்டா?"

"வேண்டாம்மா."

இன்னொரு தடவை படித்தார். ஜெர் குவர்க் பெயரைத் தேடினார். இல்லை. இல்லாததற்கும் காரணம் தெரிந்தது. ஜெர் அன்று வந்தது மட்டுமில்லை, பெட்டியையே சுமந்தான். ஜொஹான்னா அவனுக்கு ஞானத்தாய். வாசலிலிருந்து குழி வரை நொண்டிக்கொண்டே முன்பக்கத்து இடது மூலையைத் தோளில் தாங்கினான். மாலக்கி நோட்டில் அவன் பெயரை முதல் பத்துக்குள்தான் எழுதியிருந்தார். அடக்கம் திங்கட்கிழமை. பத்திரிகைக்குத் தாள் போக வேண்டியது செவ்வாய். செவ்வாய் காலை அறுபது பேர் முன்னால் ஜெர் குழாயைப் பற்றிச் சொன்னான். மாலக்கி உள்ளே போய், பேனாவை எடுத்து, அந்த ஒரு பெயரை மட்டும் அழுத்தி அடித்தார். அடித்தபோது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுகூட நினைவிருந்தது.

பரணில் ஜெர் தன் இரண்டு காவல்காரர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தான். காவல்காரர்கள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். மாலக்கி அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு வைக்கோலில் உட்கார்ந்தார்.

"அந்தக் கடிதம் பத்திரிகை ஆசிரியருக்குத்தானே?"

ஜெர் சீட்டைக் கலைத்தான். காது மட்டும் சிவந்தது.

"சொல்லு ஜெர்."

"என்னத்தைச் சொல்ல? பெட்டி தூக்கினவன் பேரு விட்டுப்போச்சு, தயவுபண்ணி அடுத்த வாரம் போடுங்கன்னு எழுதினேன். உள்ளூர்ல தபால் போட்டா போஸ்ட் மாஸ்டர் பொண்டாட்டி பிரிச்சுப் படிப்பா. அதான் நடந்து போனேன். அந்தாளு பதில்கூடப் போடல."

"இதைச் சொல்லியிருந்தா செவ்வாக்கிழமையே விட்டிருப்பாங்களே. உன்னைச் சுடப் போறாங்கடா. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சுட்டா ஒரு நாளோட போச்சு. பேப்பர்ல பேரு போடுங்கன்னு ஜெர் குவர்க் கெஞ்சினான்னு ஒருத்தன் சொன்னா, சாகற வரைக்கும் பால் வரிசையில நின்னு அதைக் கேட்கணும்."

மாலக்கிக்கு இது முழுக்க நியாயமாகவே பட்டது. அவராக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

"பேரு விட்டுப்போகல," என்றார். "நான்தான் அடிச்சேன்."

"எனக்குத் தெரியும்," என்றான் ஜெர். "வேற யாருக்கு அவ்வளவு அற்பப் புத்தி?"

கீழே காண்ட்வெல்லின் குதிரை வண்டி வந்து நின்றது. மாலக்கிக்கு ஒரு வழி இருந்தது: கடிதத்தைச் சொல்லி ஜெரை விடுவித்துவிட்டு மற்றதை விழுங்கிவிடலாம். ஆனால் காண்ட்வெல் விடமாட்டார். ஜெர் இல்லையென்றால் இன்னொருவனைத் தேடுவார், தேடினால் யாராவது ஒருவன் கிடைப்பான். மாலக்கி ஏணியில் இறங்கிப் போய், பத்திரிகைத் துண்டையும் கார்பனையும் ஒன்றாக நீட்டினார்.

"காட்டிக்கொடுத்தவன் கிடைச்சுட்டான் டாக்டர். இதோ நிக்கிறேன்."

காண்ட்வெல் இரண்டையும் படித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்க் கையைக் கழுவினார். கை சுத்தமாகத்தான் இருந்தது. திரும்ப வந்து இன்னொரு தடவை படித்தார்.

"பதினோரு வருஷமா எழுதறியா?"

"ஆமா."

"எல்லா அடக்கத்துக்கும்?"

"விட்டா ஊர்ல தலைகாட்ட முடியாது டாக்டர்."

"சட்டப்படி உன்னைச் சுடணும். ஆனா உன் அடக்கத்துக்கு யார் வந்தாங்கன்னு எழுத வேற ஆளில்ல." முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை. "நீ எழுதறதை நிறுத்தாதே. நிறுத்தினா அந்தக் கேப்டனுக்குச் சந்தேகம் வரும். இனிமே யார் வந்தாங்கன்னு நான் சொல்றேன், நீ போடு."

அப்போது பரண் விளிம்பில் ஜெரின் தலை தெரிந்தது.

"போகறதுக்கு முன்னால ஒரு விஷயம். என் பேரு வரணும்."

"யோவ், பேரு வந்தா ராணுவம் உன் வீட்டுக்கு வரும்," என்றார் காண்ட்வெல்.

"வரட்டும். லூபியம்மா வீட்டுக்குப் பன்னெண்டு பேரு வந்தாங்களாம். பெட்டி தூக்கினவன் வீட்டுக்கு எத்தனை பேர் வரணும், நீங்களே சொல்லுங்க."

அடுத்த வாரம் பத்திரிகையில் இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, ஒரு குடியானவரின் அடக்கம். அதற்கு வந்திருந்தோரில் இங்கிலாந்துப் பட்டாளத்தில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் இரண்டு மகன்கள், மாஜிஸ்திரேட்டின் மைத்துனர், பாஸ்டனிலும் சிகாகோவிலும் வேலை பார்க்கும் ஒன்பது பேர் முதலானோர் குறிப்பிடத்தக்கவர்கள். இன்னொன்று நான்கே வரி. ஜொஹான்னா ஷானஹனின் பெட்டியைச் சுமந்த திரு. ஜெரமையா குவர்க்கின் பெயர் முன்பு விடுபட்டதற்கு எழுதியவர் வருந்துகிறார் என்று இருந்தது. 'தவறுதலாக விடுபட்டது' என்று மாலக்கி எழுதியிருந்ததை ஜெர் நேரில் வந்து நின்று 'தவறுதலாக' என்ற சொல்லை எடுக்க வைத்தான்.

ராணுவம் கர்னலின் மாளிகைக்குப் போனது. சாப்பாட்டு மேஜையடியில், பியானோவுக்குள், திராட்சை ரசக் கிடங்கில் எல்லாம் தேடியது. கர்னல் டப்ளினுக்கு எழுதினார், டப்ளின் லண்டனுக்கு எழுதியது. அந்தக் கேப்டன் இப்போது பத்திரிகையைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறான், அடக்கச் செய்தியைக் கத்தரித்து வைத்த பெட்டியையே அடுப்பில் போட்டுவிட்டான் என்று டீலியா ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துச் சிரித்தாள். கில்டோரனில் பதினைந்தாவது வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அது ஜெருக்குத் தெரியாது. அவன் வீட்டைக் கழுவி, ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு ஐந்து நாள் உட்கார்ந்தான். ஆறாம் நாள் காலை பால் வரிசையில் அவன் முறை வந்தபோது, கேனை இறக்காமல் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். அந்த வரிசையில் அவன் குரலைத் தாழ்த்தியது அதுதான் முதல் தடவை.

"மாலக்கி, அவங்க வரல. பேரைச் சரியாத்தானே போட்டே?"

மாலக்கி அவன் முகத்தைப் பார்த்தார். கோட்டுப் பைக்கு மேலே அந்த நான்கு வரித் துண்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. சோதனை நின்றதற்குக் காரணம் அவருக்குத் தெரியும். சொன்னால், அந்தப் பட்டியலை இனி யாரும் மதிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். நாக்கு நுனி வரை வந்ததை அவர் விழுங்கினார்.

"சரியாத்தான் போட்டேன். மத்தவன் வீட்டுக்குப் போற மாதிரி உன் வீட்டுக்கு வர முடியுமா? பட்டாளத்துல இருந்த ஆளு. யோசிப்பாங்க."

ஜெர் அதை அசைபோட்டான். ஏற்றுக்கொள்ளக் கூடியதாகவே இருந்தது போலிருக்கிறது. கேனை இறக்கி வைத்தான். மாலக்கி குழாயில் பாலை ஊற்றிச் சத்தைப் பார்த்து, எப்போதும் போடும் அதே எண்ணைப் போட்டார்.

"குழாய் பொய் சொல்லுது," என்றான் ஜெர், இந்தத் தடவை வரிசை முழுக்கக் கேட்கும்படி.

எல்லோரும் சிரித்தார்கள். மாலக்கியும் சிரித்தார், அன்று சாப்பாடும் இறங்கியது. இங்கிலாந்தோடு நடந்த அந்தச் சண்டை முடியும் வரை அவர் முழுசாகக் காப்பாற்றிய ரகசியம் அது ஒன்றுதான்.